துணியை இழு, தாளை விடு: பிரேம் மேசைக் குறிப்புகள்

ஜூன் 2

மேசையில் இரண்டு பிரிண்ட். ஒன்று 40 × 60 செ.மீ. கேன்வாஸ், மற்றது 30 × 40 தாள். இரண்டுக்கும் ‘பிரேம் போடுவது’ என்றே பெயர், ஆனால் வேலை நேரெதிர். துணியை இழுத்துக் கட்ட வேண்டும். தாளை எங்கேயும் கட்டிப்போடக் கூடாது.

கேன்வாஸில் முதலில் ஓரக் கணக்கு. துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தின் கனம் 38 மி.மீ. என்றால் பக்கத்தை மூட 3.8 செ.மீ., பின்னால் பிடித்து இழுக்க இன்னும் 2 செ.மீ. ஆகப் பக்கத்துக்கு 6 செ.மீ. விட்டு, துணி 52 × 72 இருக்க வேண்டும். வெறும் 3 செ.மீ. ஓரத்தோடு அச்சாகி வந்தால் 18 மி.மீ. சட்டத்துக்கே பின்னால் 1.2 செ.மீ.தான் மிஞ்சும். குறட்டுக்குப் பிடி கிடைக்காது. அச்சுக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

வார்னிஷ் அடிப்பதானால் இழுப்பதற்கு முன்பே அடித்துக் காயவிட வேண்டும். பூச்சில்லாத அச்சு, மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரியும்.

ஜூன் 3

இன்று சட்டம் மட்டும். தொய்வு, சுருக்கம், கோணல் என்று பிறகு வரும் புகார்களில் பாதி இங்கே பிறப்பவை.

சட்டத்தின் முன்முகம் வெளி ஓரத்தில் மேடாகவும் உள்ளே சரிவாகவும் இருக்க வேண்டும். துணி அந்த மேட்டை மட்டுமே தொடும். தட்டையான ரீப்பரில் கட்டினால் மரத்தின் உள்விளிம்பு சில வாரங்களில் படத்தில் கோடாகப் பதிந்துவிடும்.

மூலைகளைப் பொருத்தியதும் மூலைவிட்டம் அளக்க வேண்டும். 40 × 60க்கு 72.1 செ.மீ. வர வேண்டும், இரண்டுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் முனையைத் தரையில் ஊன்றி அழுத்தினால் சரியாகும். மூலைவிட்டங்கள் சமமாக இருந்தாலும் எதிரெதிர்ப் பக்கங்களையும் அளந்துவிடுவது நல்லது, ஒரு முனை குறுகிய சட்டத்திலும் மூலைவிட்டம் சமமாகவே வரும். பிறகு கண்ணாடி மேல் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலை தூக்கினால் அந்த மரத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை, துணியின் இழுப்பு முறுக்கை நேராக்காது.

75 செ.மீ. தாண்டும் பக்கத்துக்குக் குறுக்குச் சட்டம் தேவை. இல்லாவிட்டால் நடுவில் மரம் உள்ளே வளையும். மூலையை விரித்துத் துணியை இறுக்கப் பின்னால் ஆப்பு அடிக்க இருந்தால் மூலையில் பசை போடக் கூடாது.

ஜூன் 4

இழுக்கும் நாள். படத்தைக் கவிழ்த்துப் போடும் மேசையில் மணல் துகள்கூட இருக்கக் கூடாது, மெத்தென்ற துணி விரித்தாயிற்று. படத்தின் நான்கு மூலைகளைப் பின்னாலிருந்து பென்சிலால் குறித்து, சட்டத்தை அதில் வைக்க வேண்டும்.

முதல் ஸ்டேப்ளர் பின் நீளப் பக்கத்தின் நடுவில். அதற்கு நேர் எதிரே குறட்டால் இழுத்து இரண்டாவது. பிறகு குட்டைப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. இப்போது முன்னால் பார்த்தால் நான்கு பின்களுக்கும் இடையே வைர வடிவில் மெல்லிய இழுவரி தெரியும். தெரிந்தால் இழுப்பு சரி. அங்கிருந்து 4 செ.மீ.க்கு ஒன்றாக, இந்தப் பக்கம் ஒன்று எதிர்ப்பக்கம் ஒன்று என்று மூலையை நோக்கிப் போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஊடும் பாவும் சாய்ந்து, படத்திலுள்ள நேர்கோடெல்லாம் வில்லாகிவிடும்.

பின் 8 மி.மீ. போதும். இழைக்கு நேராக அடிக்காமல் சற்றுச் சாய்வாக அடித்தால் நிறைய இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும். மூலைக்கு 5 செ.மீ. முன்பே நிறுத்தி, மூலைத்துணியை உள்ளே மடித்து, மடிப்புக்கோடு சட்டத்தின் விளிம்போடு ஒட்டி நிற்கும்படி இழுத்து இரண்டு பின். அங்கே துணியை வெட்டுவது அவசரக்காரர் வேலை. ஒருமுறை வெட்டினால் திரும்ப இழுக்க வழியில்லை.

ஓவியக் கேன்வாஸைப் போல மத்தளமாக இறுக்கத் தேவையில்லை, அதிகம் இறுக்கினால் அச்சுப்பூச்சு விளிம்பில் கீறும். விரலால் அழுத்தினால் உடனே எழுந்து நின்றால் போதும். மிச்சத் தொய்வுக்கு மூலைக்கு இரண்டு ஆப்பு, லேசான தட்டு. சுத்தியலுக்கும் துணிக்கும் நடுவே அட்டை வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தண்ணீர் தெளித்து விறைப்பாக்கும் பழக்கம் அச்சுக்கு ஆகாது.

ஜூன் 7

தாள் பிரிண்ட். ஈரக்காற்றில் தாள் விரியும், வறண்டால் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் விரிய இடமின்றி அலை அலையாக எழும். செல்லோ டேப், மாஸ்கிங் டேப் இரண்டும் பழுத்துக் கறை விடும்.

படத்தைச் சுற்றி ஓரமாகத் தெரியும் அட்டைக்கு, அமிலமற்ற 1.4 மி.மீ. மவுண்ட் போர்டில் வெட்டும் சன்னல் 29.4 × 39.4. அதாவது நான்கு பக்கமும் படத்தின் மேல் 3 மி.மீ. ஏறும். வெளியளவு 40 × 51. மேலேயும் பக்கங்களிலும் 5.3, கீழே 6.3. நாலும் சமமாக விட்டால் படம் கீழே இறங்கியது போலக் கண்ணுக்குப் படும்.

45 பாகைச் சரிவை அட்டையின் பின்பக்கத்திலிருந்து புது பிளேடால் வெட்ட வேண்டும். மழுங்கிய பிளேடு விளிம்பில் பஞ்சு கிளப்பும்.

படத்தைப் பின் அட்டையில் தொங்கவிட மெல்லிய ஜப்பானியத் தாளில் இரண்டு பட்டை, மேல் விளிம்பில் மட்டும். வெட்டாமல் கிழித்தெடுத்தால் ஓரம் இழையிழையாக இருந்து முன்பக்கம் தடம் தெரியாது. கெட்டியான கோதுமை ஸ்டார்ச் பசை, படத்தின் பின்னால் 1 செ.மீ. அகலத்துக்குள். மேலே உறிதாளும் எடையும். பட்டை படத்தைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும்: பிரேம் விழுந்தால் கிழிவது பட்டையாக இருக்கட்டும்.

ஜூன் 9

மரச்சட்டம்: அகலம் 3 செ.மீ., காடி (கண்ணாடியும் அட்டையும் உட்காரும் உள்வெட்டு) 6 மி.மீ. அகலம். காடியின் உள்ளளவு கண்ணாடியைவிட 3 மி.மீ. கூட, 40.3 × 51.3. இதோடு இரு பக்கமும், காடி போக மிச்சமுள்ள 2.4 சேர்த்தால் வெளியளவு 45.1 × 56.1. மொத்தம் 202.4 செ.மீ. ரம்பத்துக்கும் கைத்தவறுக்கும் சேர்த்து 220.

எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினால் கடைசி மூலையில் 4 பாகை இடைவெளி வாய் பிளக்கும். அதைவிட மோசம் எதிர்ப்பக்கங்கள் நீளம் மாறுவது. கட்டை வைத்து நிறுத்தி, ஜோடியாக வெட்டுவதே வழி. வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் மெல்லிய பூச்சு, சில நிமிடம் கழித்து இரண்டாவது, பிறகு பட்டைக் கிளாம்ப்.

ஜூன் 10

அடுக்கு: கண்ணாடி 2, சன்னல் அட்டை 1.4, பின் அட்டை 1.4, ஃபோம் போர்டு 5. படத்தோடு ஏறக்குறைய 10 மி.மீ. காடியின் ஆழம் 12, மிச்சத்தில் ஆணி. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். படம் கண்ணாடியைத் தொட்டால் வியர்வை, பூஞ்சை, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் எடை குறைவு, ஆனால் மின்னூட்டத்தால் கரித்தூளையும் பேஸ்டலையும் இழுத்துக்கொள்ளும்.

பின்னால் பிரவுன் பேப்பரை லேசாக ஈரமாக்கி ஓரத்தில் ஒட்டினால், காய்ந்ததும் தானே விறைக்கும். வளையங்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில். கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு இரண்டு, சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போக.