பாரிஸ் வேட்டை மாளிகை: தலையை உயர்த்தினால் ஆந்தைகள்

பாரிஸின் வேட்டை மற்றும் இயற்கை அருங்காட்சியகத்தில் டயானா அறை என்று ஒன்று உண்டு. அதற்குள் நான்கைந்து பேர் நுழைந்தாலே நெரிசல். சுவரில் 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் ரூபென்ஸும் யான் புரூகலும் சேர்ந்து வரைந்த ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானா. முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். கூரை முழுக்க ஆந்தை இறகு, ஓலை வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. அதற்குள்ளிருந்து ஆந்தைத் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. பளபளக்கும் கண்கள் நேரே நம்மைத்தான் பார்க்கும். பெல்ஜியக் கலைஞர் யான் ஃபாப்ர் செய்த ‘டயானாவின் இரவு’ இது. பாரிஸில் இந்த ஒரு கூரைக்காகவே அரை நாள் ஒதுக்கலாம்.

இடம்: வேட்டை மற்றும் இயற்கை அருங்காட்சியகம், 62, ஆர்ஷீவ் தெரு, மாரே பகுதி. 1650-களில் பிரான்சுவா மான்சார் என்ற பெரிய கட்டடக் கலைஞர் கட்டிய கெனெகோ மாளிகை. பிரான்சுவா சொமே, ஜாக்லின் சொமே என்ற தம்பதி வேட்டைப் பிரியர்கள். காட்டுயிர் பாதுகாப்புக்கும் பணம் செலவழித்தவர்கள். அவர்கள் தொடங்கிய அருங்காட்சியகத்தை 1967-இல் அமைச்சர் ஆந்திரே மால்ரோ திறந்துவைத்தார். 2007-இல் பக்கத்து மாளிகையையும் சேர்த்துக்கொண்டார்கள். துப்பாக்கி, பட்டு நாற்காலி, பாடம் செய்த விலங்கு எல்லாம் வீட்டுச் சாமான் போல இருக்க, நடுவில் இன்றைய கலைஞர்களின் படைப்புகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவர் கூடத்தில் வைத்தால் இவற்றுக்குப் பாதி உயிர்கூட இருக்காது. வேட்டைத் துப்பாக்கி அடுத்த அறையிலேயே இருக்கும்போது அந்த ஆந்தைக் கண்களின் பார்வை வேறு மாதிரி உறைக்கிறது.

வேட்டையாடிய விலங்குகளின் தலைகள் மாட்டிய கூடத்தில் அவசரப்படாதீர்கள். சுவரில் கொம்பும் தந்தமும் வரிசையாக இருக்கும். அதில் ஒரு வெள்ளைக் காட்டுப்பன்றித் தலையும் உண்டு. அது நிக்கோலா தாரோ என்ற கலைஞர் செய்த இயந்திரம். திடீரென்று கண்ணை உருட்டும், வாயைத் திறந்து பிரெஞ்சில் பேசும். ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியேறினால் தவறவிடுவீர்கள். எதிரில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

காட்டுப்பன்றி, கலைமான், ஓநாய் என்று விலங்குக்கு ஒன்றாக மர அலமாரிகள் உண்டு. பார்வையாளர்கள் தொடக் கூடாது என்று நினைத்துத் தள்ளியே நிற்கிறார்கள். இவை தொடுவதற்காகவே வைத்தவை. இழுப்பறையை மெதுவாக இழுத்தால் அந்த விலங்கின் காலடித் தடம், புழுக்கையின் வார்ப்பு. கண் வைத்துப் பார்க்கும் துளையும் உண்டு. உள்ளே அந்த விலங்கு வாழும் காட்டின் படம் ஓடும். உயரம் பெரியவர்களுக்கு ஏற்றது, குழந்தையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும். மூக்கு இடிக்காமல் கண்ணை ஒட்டி வைத்தால்தான் படம் தெளிவு. கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிடுங்கள்.

பழைய நாற்காலி ஒன்றில் சுருண்டு தூங்கும் நரியைத் தேடிப் பாருங்கள். காவலர் யாரோ செல்லப்பிராணியை விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் கரடியை 2017-இல் சோஃபி கால் என்ற பிரெஞ்சுக் கலைஞர் வெள்ளைத் துணி போர்த்தி மறைத்தார். துணி இல்லாத இன்றைய கரடிக்கும் அந்த நினைவு ஒட்டிக்கொண்டுவிட்டது. அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் பீங்கான் நாய்க்குட்டியும் இருக்கிறது. பெயர் பெரிது, பார்க்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தை ஒற்றைக்கொம்புக் குதிரையின் அறைக்குக் கொடுங்கள்.

பெயர்ப்பலகை மிகக் குறைவு. எது 17-ஆம் நூற்றாண்டு, எது நேற்று செய்தது என்று நாமே ஊகிக்க வேண்டும். எரிச்சல் வரும், ஆனால் இந்த வீடு அப்படித்தான் வேலை செய்கிறது. வெளிச்சமும் மங்கல், செல்பேசிப் படம் சரியாக வராது. ஆந்தைக் கூரையைப் படம் எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள், கண்ணில் மட்டும் வெள்ளைப் புள்ளி விழும்.

திங்கள் விடுமுறை. மற்ற நாள் காலை 11 முதல் மாலை 6 வரை. புதன் இரவு 9.30 வரை (கோடையில் இல்லை). மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் அன்று டயானா அறையில் தோளோடு தோள் இடிக்கும். பணம் மிச்சம் என்று அன்று போவதைவிட, காசு கொடுத்துப் புதன் மாலை போவது நல்லது. புறப்படும் முன் நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

மெட்ரோ 11-ஆம் வழித்தடத்தில் ராம்புத்தோ நிலையம். 2025 கட்டணப்படி ஒரு பயணம் 2.50 யூரோ; சீட்டை ஏற்றிக்கொள்ளும் நாவிகோ ஈசி அட்டைக்குத் தனியாக 2 யூரோ. ஒரே அட்டையில் இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது, ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். குடும்பமாக வருபவர்கள் தடுப்புக் கதவில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மெட்ரோ சீட்டை வைத்துப் பேருந்துக்கு மாறவும் முடியாது. சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் “டாக்ஸி, டாக்ஸி” என்று அருகில் வந்து கூப்பிடுபவரோடு போகவே போகாதீர்கள். அதிகாரபூர்வ டாக்ஸிக்கு மாரே இருக்கும் சேன் ஆற்றின் வலதுகரைக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு, 2025-இல் 56 யூரோ. ரயிலில் 13.

மாரே கடைகளில் மதியச் சாப்பாடு பர்ஸைக் காலி செய்யும். ராம்புத்தோவிலிருந்து 11-இல் ரெப்புப்ளிக், அங்கே 5-ஆம் தடத்துக்கு மாறி கார் து நோர். நிலையத்திலிருந்து லா ஷப்பல் பக்கம் நடந்தால் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொத்து ரொட்டி தட்டும் சத்தம் தெருவிலேயே கேட்கும். ஆட்டிறைச்சிக் கொத்து கேளுங்கள், ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும்.