அம்மாவுக்கு ஒரு இடம் பார்க்கிறேன்: ஜூன் குறிப்புகள்

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஹோம் நர்சுகளில் மூன்றாவது ஆளும் நேற்று கிளம்பிவிட்டார். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது, நான் போயாக வேண்டும். மஸ்கட்டிலிருந்து அண்ணன், "நல்ல இடமா பாரு, காசைப் பத்தி யோசிக்காதே" என்கிறான். காசு சரி, நல்ல முதியோர் இல்லம் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் சொல்லித் தந்தது மட்டும்தான் இப்போதைக்கு என் கையில் இருக்கிறது. படுக்கைப் புண் குதிகாலிலும் இடுப்புக்குக் கீழேயும்தான் முதலில் வரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு நிறம் திரும்ப வேண்டும், சிவப்பு அப்படியே நின்றால் ஆபத்து. "நம்ம நிறத்துக்கு சிவப்பு கண்ணுக்குத் தெரியாது டீச்சர், தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா, கட்டியா இருக்கா, மத்த காலோட ஒப்பிட்டுப் பாருங்க" என்றார். தினமும் பார்க்கிறேன்.

ஜூன் 4, புதன்

பள்ளி முடிந்து நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு இல்லத்துக்குப் போனேன். பெயர் எழுதவில்லை. பளபளவென்று டைல்ஸ், வாசலில் செடிகள், மூலைக்கு மூலை கேமரா, பதிவுச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில். மனசு கொஞ்சம் இளகியது உண்மை.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தாள் தொங்கியது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்று எழுதுகிற தாள். இடது, வலது, மல்லாக்க. நான் போனது மாலை 4.30. தாளில் 6 மணிக்கும் 8 மணிக்கும் 10 மணிக்கும் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "ராத்திரி நான் ஒருத்திதான்க்கா, 22 பேர் இருக்காங்க, எழுத நேரம் கிடைக்காதுல்லா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. 22 பேருக்கு ஒருத்தியை நிறுத்தியவர்கள் மேல்தான் வந்தது, இன்னும் அடங்கவில்லை.

அம்மாவைப் போலவே வலது பக்கம் செயலிழந்த ஒரு பாட்டி. தண்ணீர் டம்ளர் அவருடைய வலது பக்கத்தில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. டம்ளரை எடுத்து இடது கையில் கொடுத்தேன், முழுவதும் குடித்தார்.

முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது என்று பள்ளியில் ஒரு டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். அன்று மாலையே அந்த எண்ணைக் கூப்பிட்டு, அங்கே பார்த்ததைச் சொன்னேன்.

ஜூன் 7, சனி

தக்கலைக்குப் பக்கத்தில் இன்னொன்று. பழைய ஓட்டு வீடு, மழையில் திண்ணையெல்லாம் நனைந்து கிடந்தது, உள்ளே நுழைந்ததும் ஒரு ஈர வாடை. திருப்பிப் போடுகிற தாள் ஒன்றுகூட இல்லை. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சாப்பாட்டு நேரமாக இருந்ததால் நின்றேன்.

ஒரு பாட்டாவை (தாத்தாவை) நன்றாக நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஒரு அக்கா ஊட்டிக்கொண்டிருந்தார். மரச்சீனிக் கிழங்கைக் குழைய மசித்து, முள் எடுத்த மீனும் குழம்பும் விட்டுப் பிசைந்தது. சிறிய வாய், வாதம் தாக்காத பக்கக் கன்னத்தில். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய். கன்னத்துக்குள் தேங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டும் பார்த்தார். "கஞ்சித் தண்ணி குடுத்தா பாட்டாவுக்குப் புரையேறும், கட்டியா இருந்தா இறங்கிரும்." முடிந்ததும் படுக்க வைக்கவில்லை, அரை மணி நேரம் அப்படியே உட்கார வைத்திருந்தார். நானும் அந்த அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே யாராவது விழுந்திருக்கிறார்களா என்று இரண்டு இடத்திலும் கேட்டேன். அங்கே "அப்படி ஒண்ணும் நடந்ததே இல்லை" என்றார்கள். இங்கே நடத்துகிற அம்மா, போன வருஷம் இரண்டு பேர், ஒருத்தருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, அதற்குப் பிறகுதான் குளியலறையில் கைப்பிடி போட்டோம் என்று கூட்டிப்போய்க் காட்டினார். வயசானவர்கள் இருக்கிற இடத்தில் யாருமே விழவில்லை என்பதை நான் நம்ப மாட்டேன். பதிவுச் சான்றிதழ் கேட்டேன், அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். ராத்திரி பார்த்துக்கொள்ள இரண்டு பேர், தங்கியிருப்பவர்கள் மொத்தம் 11 பேர். தூக்க மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது.

ஜூன் 12, வியாழன்

அம்மாவைத் தக்கலையில் சேர்த்துவிட்டேன். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, திருப்பின நேரத்தைத் திருப்பின பிறகு மட்டும் எழுதச் சொன்னேன். மறந்தால் காலியாக விடுங்கள், பரவாயில்லை என்றேன். எடை 51 கிலோ. மாதம் ஒருமுறை இதே எடைக்கருவியில்.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடத் தோன்றவில்லை.

ஜூன் 19, வியாழன்

சொல்லாமல் ராத்திரி 8.30க்குப் போனேன், நல்ல மழை. கதவைத் திறந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. டயப்பர் உலர்ந்திருந்தது, நாக்கு ஈரமாக இருந்தது. வலது குதிகால் மட்டும் இடதைவிடச் சூடு. சொன்னேன். அக்கா தானும் தொட்டுப் பார்த்து, "ஆமா, நான் பாக்கல்ல" என்றார். சாக்குச் சொல்லவில்லை. உடனே கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தார், குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது.

ஜூன் 22, ஞாயிறு

குதிகால் இரண்டும் ஒரே குளிர்ச்சி. நோட்டைப் புரட்டினேன். இரண்டு இடம் காலி. நேற்று ராத்திரி 2 மணிக்கு நேராக, கோணல் எழுத்தில், "இடது. அம்மச்சி உறங்கல்ல. பேசிட்டு இருந்தோம்."

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பழைய வீட்டுக் கிணற்றடி மாமரத்தைப் பற்றியாம். இந்த எட்டு வாரத்தில் அம்மா என்னிடம் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை.

ஜூலை 12 எடை பார்க்க வேண்டும்.