ஆச்சி முடிஞ்சு வச்ச காசு பழனிக்கு வந்து சேந்துடுச்சு

முருகன் புண்ணியத்துல ஆச்சியோட நேர்த்திக்கடன ஒருவழியா முடிச்சாச்சு. எங்க வீடு கொடைக்கானல், குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல நின்னா மேகம் இல்லாத நாள்ல பழனி மலை தெரியும், அங்கேருந்தே கும்புட்டு வளந்தவங்க நாங்க. ஆனா அம்மா பொறந்தது உவரி பக்கம் கடலோரத்துல.

லீவு விட்டா அங்கதான். வத்தலகுண்டு, மதுரை, திருநெல்வேலி, திசையன்விளைன்னு பஸ் மாறி மாறிப் போயி கடைசியா மணல்ல நடக்கணும். பனை ஓலை வேஞ்ச வீடு, உப்புக் காத்துல தாழ்ப்பாளெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கும், ராத்திரி பூரா அலைச் சத்தம், விடிஞ்சா கருப்பட்டி காப்பி. ஆச்சிக்கு ஒரே கவலைதான், "எங்க செந்தூரான் கெழக்க கடலப் பாத்து ராசா மாதிரி நிக்கான், உங்க ஊரு குளிர்ல அந்தப் புள்ள கோவணத்தோடல்லா நிக்கான்"னு சொல்லிச் சொல்லி வருத்தப்படுவா.

ஒரு லீவுல எனக்கு அங்க வச்சு கடுமையான காய்ச்சல். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது, மாமா வண்டி பாக்க சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு, ஆச்சி மஞ்சத்துணியில காச முடிஞ்சு "இவள ஒம் மலைக்கு நடத்தியே கூட்டியாரேன்"னு வேண்டிக்கிட்டா. விடியறதுக்குள்ள காய்ச்சல் எறங்கிடுச்சு. அப்புறம் ஆச்சிக்கு முட்டி போச்சு, ஆச்சியும் போயிட்டா, முடிச்சு மட்டும் அம்மா பெட்டியில இருந்துச்சு.

அடிவாரத்துல நம்மள விடவே மாட்டேங்கிறாங்க, செருப்ப இங்க விடுங்க, தட்டு வாங்குங்க, நேரா சன்னதிக்கு கூட்டிட்டுப் போறேன்னு பின்னாடியே வர்றாங்க. சாமி கும்புட வர்றவங்கள இப்படிப் பாடாப்படுத்தலாமா? அம்மாவுக்கும் முட்டி வலி, விஞ்ச், ரோப் கார் எல்லாம் இருக்கு, ஆனா வேண்டுதல் நடையாச்சே, அதனால படியை விட்டுட்டு யானைப் பாதையில உக்காந்து உக்காந்து ஏறுனோம். மேல கியூவுல அப்படியொரு நெரிசல், கொழந்தைகளெல்லாம் அழுகுது.

காலைல நடக்குற விளா பூஜை நேரத்துக்கு உள்ள போயிட்டோம். ஆண்டிக் கோலம். கையில தண்டம், மேனியில விபூதி, வேற ஒண்ணும் இல்ல. சாயங்காலம் சாயரட்சை பூஜைக்கு வந்திருந்தா ராஜ அலங்காரம் பாத்திருக்கலாம், ஆனா ஆச்சி நெனச்சு நெனச்சு உருகுனது இந்தக் கோலத்துக்குத்தானே. அய்யோ இந்தப் புள்ளைக்குக் குளிருமேன்னு எனக்கே தோணிருச்சு, கண்ணுல தண்ணி வந்து சாமியே சரியாத் தெரியல, நகருங்க நகருங்கன்னு பின்னாடிலேருந்து தள்ளுறாங்க, அம்மா "எங்கம்மா சொன்னபடி வந்துட்டோம்ப்பா"ன்னு சத்தமாவே சொல்லிட்டாங்க. முடிச்ச அவுக்காம அப்படியே உண்டியல்ல போட்டோம்.

எறங்குறப்பவே அம்மா ஆரம்பிச்சுட்டாங்க, வைகாசி விசாகத்துக்கு செந்தூர் போகணுமாம், அப்படியே உவரி சுயம்புலிங்கசாமிக்கு ஓலப்பெட்டியில கடல் மண்ணு சுமக்கணுமாம். அதையும் நீதான் நடத்திக் குடுக்கணும் முருகா.