மூன்று, எட்டு, பதின்மூன்று: குன்னூரிலிருந்து முதல் மத்தியதரைக் கடல் குரூஸைத் தேர்ந்தெடுத்த விதம்

குரூஸ் விளம்பரங்கள் ஊர்ப் பெயர்களைத்தான் முன்னால் நிறுத்துகின்றன. ரோம், ஃப்ளாரன்ஸ், ஏதென்ஸ், சாந்தோரினி என்று வாசிக்கும்போதே மனசு கிளம்பிவிடும். ஆனால் வீட்டில் மூன்று, எட்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பட்டியலைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம், கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப்பில் எந்தப் பிள்ளை எந்த அறைக்குப் போகும், ஐந்து பேர் எப்படிப் படுப்பது என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் நாங்கள் சலித்தோம். பத்து வழித்தடங்களில் இரண்டு மிஞ்சின.

அதற்கும் முன்னால் மாதம். நீலகிரியில் மே என்றால் சீசன். ஹோம்ஸ்டே, கடை, டாக்ஸி என்று எதை வைத்துப் பிழைத்தாலும் அந்த மாதம் மலையை விட்டு இறங்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் விலை உச்சத்தில் இருக்கும், வெயிலும் கொடுமை. ஏதென்ஸில் 2023, 2024 இரண்டு கோடையிலும் வெப்ப அலை நாட்களில் அக்ரோபோலிஸை நடுப்பகலில் மூடி வைத்தார்கள். 1,850 மீட்டர் உயரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையம் வெயிலே அதிகம். அதனால் செப்டம்பர் கடைசி, காலாண்டு லீவை ஒட்டித் தேதி பார்த்தோம். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போது குளிக்க இதமாக இருக்கும். மே மாதத்தில் வெளியே வெயில் நன்றாக இருந்தாலும் தண்ணீர் குளிரும், சின்னது காலை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடும். ஒரு வாரக் குரூஸுக்குப் போக வர, தங்க என்று மொத்தம் 11, 12 நாள் ஆகும். லீவோடு சில நாள் சேர்த்துப் பள்ளியில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

இனி தூரம். 'ரோம்' என்று அட்டவணையில் போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். துறைமுக வாசல் வரை பஸ், பிறகு ரயில் நிலையம், பிறகு ஒரு மணி நேரம் ரயில், திரும்பி வர அதே வரிசை. 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர். 'வெனிஸ்' என்று போட்டிருப்பது ரவென்னாவாகவோ ட்ரியெஸ்டேவாகவோ இருக்கலாம், ஏனென்றால் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாய்க்குள் வர முடியாது. மதியம் தூங்கியே ஆக வேண்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்படி ஒரு நாள் போய்வந்தால், மறுநாள் முழுக்க அந்த அலுப்பிலேயே போகும். மூன்று வயதுப் பிள்ளையோடு கப்பலிலிருந்து ரோமுக்குப் போகவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ரோம் வேண்டுமென்றால் அங்கேயே கப்பல் ஏறும் வழித்தடத்தை எடுத்து, இரண்டு நாள் முன்னதாகப் போய்த் தங்கிப் பாருங்கள்.

இறங்கியதும் ஊர் கண்முன்னே இருக்கும் துறைமுகங்களும் உண்டு. நேப்பிள்ஸில் கப்பல் நிற்பதே நகரின் மடியில். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பாம்பேயியைப் பார்க்க நினைத்தால் உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அங்கே தெருக்கள் பெரிய கருங்கல் பாளங்கள், தள்ளுவண்டி உருளாது, சின்னதை முதுகுப் பையில்தான் சுமக்க வேண்டும். ஜெனோவாவில் 1992-இல் திறந்த பெரிய மீன் காட்சியகம் பழைய துறைமுகத்திலேயே இருக்கிறது. மூன்று வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கிற இடம் இந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் என்றே சொல்லலாம். மால்டாவின் வாலெட்டாவில் கோட்டைச் சுவருக்கு அடியில் கப்பல் நிற்கிறது, மேலே நகரத் தோட்டத்துக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. மார்செய் மட்டும் இதற்கு விலக்கு: வரைபடத்தில் பக்கம் போலத் தெரியும், ஆனால் கப்பல் தளத்திலிருந்து பழைய துறைமுகத்துக்கு நடக்க முடியாது. பஸ் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாந்தோரினி அழகுதான். ஆனால் பெரிய கப்பல் அங்கே கரைக்கு வராது, கடலில் நங்கூரம் போட்டுச் சிறு டெண்டர் படகில் இறக்குவார்கள். மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார் வரிசை, இல்லாவிட்டால் 588 படி. ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று பலமானால் டெண்டர் ஓடாது, ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். போதாக்குறைக்கு 2025 ஜூலை முதல் ஜூன்-செப்டம்பர் மாதங்களில் அங்கே இறங்கும் குரூஸ் பயணி ஒருவருக்கு 20 யூரோ வரி. கிரீஸை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சலித்ததில் மேலே நின்றது பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, வாலெட்டா, ஒரு நாள் முழுக் கடல், மறுபடி பார்சிலோனா என்ற ஏழு இரவுச் சுற்று. அந்தக் கடல் நாள் வீண் என்று நினைக்கிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதவர்கள். சறுக்கு, நீச்சல் குளம், தூக்கம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிற ஒரே நாள் அது.

கிட்ஸ் கிளப்பில் வயதுக் கோடு எங்கே விழுகிறது என்பதைக் கம்பெனி கம்பெனியாகப் பார்க்க வேண்டும். எம்.எஸ்.சி. கப்பல்களில் 3 முதல் 6, 7 முதல் 11, 12 முதல் 14, 15 முதல் 17 என்று பிரிவு. எங்கள் மூன்று வயதுகளும் அங்கே மூன்று தனி அறை. ஆறும் ஏழும் வயதான அக்கா தம்பி என்றால் இந்தக் கோடு இருவரையும் பிரித்துவிடும். தம்பி தனியாக இருக்க மாட்டான் என்றால் வேறு கம்பெனியின் பிரிவைப் பாருங்கள். கப்பல் கிளம்பும் நாளன்று என்ன வயது என்பதுதான் பொதுவாகக் கணக்கு. மூன்று வயதானாலும் டயப்பர் போடுகிற பிள்ளையைப் பல கப்பல்களில் விட்டுவிட்டு வர முடியாது, பொது நீச்சல் குளத்திலும் இறக்க விடமாட்டார்கள். பயணத்துக்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே டயப்பரை நிறுத்திப் பழக்குவது இதற்காகத்தான். வீட்டில் தமிழோ படகர் மொழியோ மட்டும் பேசுகிற சின்னதுக்கு தண்ணீர், பாத்ரூம், வலி, அம்மா வேண்டும் என்கிற நாலு விஷயத்தையும் ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். பெரிய சறுக்குகளுக்கு வயதைப் பார்க்க மாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். எட்டு வயதை வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிட்டு, கப்பலின் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கே போய் அழுகை வராது.

கேபின்தான் காசைத் தின்கிற இடம். சாதாரண கேபினில் அதிகபட்சம் நாலு பேர். முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் குறைவு, 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்றாலும் துறைமுக வரி உண்டு. ஐந்து பேர் என்றதும் இரண்டு கேபின் ஆகிவிடும். அப்போது நாலு பேர் முழுக் கட்டண வரிசையில் வந்து, ஒருவருக்கு மட்டுமே சலுகை மிஞ்சும். இதைத் தெரிந்துகொள்ளாமல் விளம்பர விலையை ஐந்தால் பெருக்கினால் கணக்கு தப்பும். ஐந்து பேருக்கான குடும்ப கேபின் ஒரு கப்பலில் கொஞ்சமே இருக்கும், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கேபினுக்கும் நடுவில் கதவு உள்ளதா என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து கேபின் வேறு, உள்கதவு உள்ள கேபின் வேறு. ஏஜென்ட் இரண்டையும் ஒன்று போலச் சொல்வது உண்டு. கேபின் எண்ணை வாங்கி டெக் வரைபடத்தில் நீங்களே பாருங்கள். சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கையில் சின்னதைப் படுக்க வைக்க முடியாது, தொட்டில் கட்டில் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுதி வாங்கணும்.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளை கப்பலிலும் எடுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரிய கப்பல் அப்படிச் சுழற்றாது, இருபக்கமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் ஆட்டத்தைக் குறைக்கின்றன. ஆனாலும் கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுப்பது நல்லது, மேலேயும் முனைகளிலும் ஆட்டம் கூடும். பிரான்சுக்குத் தெற்கே மிஸ்ட்ரல் காற்று வீசும் நாட்களில் கொஞ்சம் தெரியும். மாத்திரையின் அளவைப் பிள்ளையின் எடைக்கு ஏற்ப டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

விசாவில் நிதானம் வேண்டும். முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட்: அவர்களுக்கு ஐந்து வருடம்தான் செல்லும், பெற்றோருடையதைப் பார்த்துவிட்டு இருந்துவிடக் கூடாது. ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) விட்டு வெளியேறிய பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் குரூஸ்காரர்கள் தவறுகிறார்கள். அதிக நாள் இருக்கும் நாடு, சமமானால் முதலில் நுழையும் நாடு என்பது விதி. மேலே சொன்ன சுற்றில் கப்பல் ஏறும் நாளன்றே பார்சிலோனாவில் இறங்கினால் ஸ்பெயின் 2 நாள், இத்தாலி 3 நாள், அப்போது இத்தாலி விசா. இரண்டு நாள் முன்னதாகப் போய்த் தங்கினால் ஸ்பெயின் 4 நாள் ஆகிவிடும், விண்ணப்பமும் அங்கே. ஹோட்டல் நாட்களை முடிவு செய்யாமல் விசா அப்பாயின்ட்மென்ட் எடுக்காதீர்கள். இந்தச் சுற்றில் நாலு நாடும் ஷெங்கனுக்குள் இருக்கின்றன. நடுவில் துருக்கியோ மான்டினீக்ரோவோ துனிசியாவோ வந்தால் வெளியே போய்த் திரும்பி நுழைவதாகக் கணக்கு, பலமுறை நுழையும் விசா கேட்க வேண்டும், அந்த நாட்டின் விதி தனி.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கும் 12 வயது நிறைந்தவர்களுக்கும் 90 யூரோ, 6 முதல் 12-க்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குள் இலவசம். நம் கணக்கில் 315 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பதின்மூன்று வயதுக்குக் கைரேகை எடுப்பார்கள், 12-க்குக் கீழே இல்லை. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பல் டாக்டரிடம் போனால் தனியார் கட்டணம் என்பதால் கடல் பயணமும் அந்தக் காப்பீட்டில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் விண்ணப்பத்தில் அப்பா அம்மா இருவர் கையெழுத்து. ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் போனால் வாங்க மாட்டார்கள். முழுப் பணம் கட்ட வேண்டிய தேதிக்கு முன்பே விசா கைக்கு வருமாறு நாள் குறியுங்கள், ரத்துக் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும்.

விலையில் தெரியாத செலவு: ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், பாட்டில் தண்ணீர், வைஃபை. பதின்மூன்று வயதுக்கு வைஃபைதான் முதல் சண்டை, ஒரு போனுக்கு மட்டும் எடுத்து நேரம் பேசிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு இரவு முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். அங்கே கோடை நேரம் நம்மைவிட 3.30 மணி நேரம் பின்னால், ஏழு மணிக்கே பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். ஒன்பது மணிப் பந்தியில் தட்டின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். சைவம், வெங்காயம் பூண்டு இல்லாமல் என்றால் முன்பதிவில் எழுதணும். பஃபேயில் வெள்ளைச் சோறும் தயிரும் கிடைத்துவிட்டால் சின்னதின் பிரச்சினை தீர்ந்தது. ரைஸ் குக்கர், மின்கெட்டில், அயர்ன் பாக்ஸ் தீ அபாயம் என்று கப்பலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஐரோப்பாவுக்குள் நெய், பால்கோவா, பால் பொருட்கள், பழம், கறிவேப்பிலை கொண்டு போகாதீர்கள். பிஸ்கட், சாக்லேட் வகைகளுக்கு விலக்கு உண்டு, ஊட்டி வர்க்கியைப் பாக்கெட்டில் சீல் செய்து வைத்துக்கொள்ளலாம்.

கிளம்புவது செப்டம்பர் கடைசி என்றால் திரும்பும்போது ஐப்பசி நெருங்கும். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி சுற்ற வேண்டும். விமானம் கொச்சியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ என்றால் முதல் நாளே மலையிறங்கிவிடுங்கள், கப்பல் ஏறும் ஊருக்கும் ஒரு நாளாவது முன்னால் போய்ச் சேருங்கள், தாமதமான விமானத்துக்காகக் கப்பல் நிற்காது. ஏறும் நாளில் பெட்டிகளைக் கீழேயே வாங்கிக்கொண்டு மாலையில்தான் கேபினுக்கு அனுப்புவார்கள். பாஸ்போர்ட், மருந்து, நீச்சல் உடை, சின்னதுக்கு மாற்றுத் துணி, ஏசி குளிருக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.