கேட்டால் மட்டுமே கிடைக்கும் வாக்குச்சீட்டு

அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் நிரந்தர வசிப்புரிமை மட்டும் வைத்திருப்பவர்களும் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிப் பணியாளர்களாக இருக்கலாம் என்று கலிபோர்னியாவில் 2013இல் சட்டம் வந்தது. அதன்படிதான், வாக்குரிமை இல்லாத நான், 2020 மார்ச் 3 அன்று, நவம்பர் தேர்தலில் நிற்கப்போகிறவர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த முதன்மைத் தேர்தலில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவின் ஒரு வாக்களிப்பு மையத்தில், யாருக்கு எந்த வாக்குச்சீட்டு என்று பார்த்துக் கொடுக்கும் மேசையில் அமர்ந்தேன்.

யாருக்கு எது என்பதுதான் அன்றைய வேலையின் முழுச் சிக்கலும். ஆளுநர், நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம் ஆகியவற்றுக்கான முதன்மைத் தேர்தலில், 2010இல் மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டத்தின்படி, எந்தக் கட்சியின் வேட்பாளருக்கும் எவரும் வாக்களிக்கலாம். முதலிரண்டு இடம் பெறுபவர்கள், ஒரே கட்சியினராயினும், நவம்பரில் மோதுவார்கள். அதிபர் பதவிக்கு இது பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுப்பதால், வெளியாரை உள்ளே விடலாமா என்பதையும் அந்தக் கட்சியே முடிவு செய்கிறது. எல்லோருக்கும் எல்லாக் கட்சிக் கதவுகளையும் திறந்துவிட்ட 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை, கட்சிகளின் சங்கம் அமைக்கும் உரிமைக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதில் அந்தக் கட்சிக்கும் பேச உரிமை இருப்பது நியாயம்தானே.

எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று. இங்கே வாக்காளராகப் பதியும்போதே கட்சி விருப்பத்தையும் குறிப்பிடலாம். அப்படி எதையும் குறிப்பிடாமல் பதிவு செய்தவர்களைத் தங்கள் அதிபர் வேட்பாளர் தேர்வில் வாக்களிக்க அவ்வாண்டு ஜனநாயகக் கட்சி, லிபர்டேரியன் கட்சி, அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் கட்சி ஆகிய மூன்றும் அனுமதித்தன; குடியரசுக் கட்சி, பசுமைக் கட்சி, அமைதி மற்றும் சுதந்திரக் கட்சி ஆகியவை அனுமதிக்கவில்லை. அனுமதித்த கட்சியின் சீட்டும் தானாகக் கைக்கு வந்துவிடாது. வாக்காளர் கேட்டால்தான் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் அதிபர் போட்டியே இல்லாத பொதுச் சீட்டுதான் தரப்படும் என்பது சட்டம். சீட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "அதிபர் பெயர்களைக் காணோமே?" என்று திரும்பி வந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒன்றும் கேட்காமல் பெட்டியில் போட்டுவிட்டுப் போனவர்களில், விருப்பமில்லாமல் விட்டவர் எவர், தெரியாமல் விட்டவர் எவர் என்று யாரால் சொல்ல முடியும்? விதிகளை எழுதி ஓர் அட்டையை மேசைமேல் வைத்திருந்தோம். அதை நின்று படித்தவர்கள் குறைவு.

கேட்டு வாங்குவதோடு தொல்லை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2008இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில், கட்சி சாராதவர்கள் வேட்பாளருக்கு எதிரே ஒரு வட்டத்தை நிரப்புவதோடு, எந்தக் கட்சியின் தேர்தலில் வாக்களிக்கிறோம் என்று காட்ட இன்னொரு வட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்ட ஆயிரக்கணக்கானோரின் அதிபர் வாக்குகள் முதல் எண்ணிக்கையில் சேரவே இல்லை.

அன்று பிற்பகல் ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் வந்தார். என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் எந்தக் கட்சியும் வேண்டாம், சுயேச்சை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கொடுங்கள்" என்றார். திரையில் அவர் பெயருக்கு நேரே அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் என்று இருந்தது. அது சுயேச்சைகளுக்கான இடமன்று. 1968இல் இனப்பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸை அதிபர் வேட்பாளராக நிறுத்திய கட்சி. பெயரைப் பார்த்து ஏமாந்து அதில் சேர்ந்தவர்கள் ஏராளம் என்று 2016இலேயே லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் விரிவாக எழுதியிருந்தது. அது வாலஸை நிறுத்திய கட்சி என்றும், ஒரு கட்சியில் பதிந்தவர் இன்னொரு கட்சியின் சீட்டைக் கேட்க முடியாது என்றும் நான் விளக்கியபோது அவர் முகம் சுருங்கியது. நல்ல வேளையாக, கட்சி விருப்பத்தைத் தேர்தல் நாளில்கூடப் படிவம் நிரப்பி மாற்றிக்கொள்ளும் வசதி அந்த ஆண்டுதான் சட்டமாகியிருந்தது. "அப்போ நான் இத்தனை நாளாக அந்த ஆளுடைய கட்சியிலா இருந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்திட்டார்.

எதுவும் செய்ய முடியாதவர்களும் வந்தார்கள். தபால் வாக்குச்சீட்டுகள் பிப்ரவரி தொடக்கத்திலேயே வீடுகளுக்குப் போய்விட்டன. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட பீட் புட்டிஜெஜ் மார்ச் 1 அன்றும், ஏமி குளோபுஷர் மறுநாளும் போட்டியிலிருந்து விலகினார்கள். இருவர் பெயரும் சீட்டில் அப்படியே இருந்தன. நிரப்பிய சீட்டை அனுப்பாமல் கையோடு கொண்டு வந்தவர்களுக்குப் பழையதை வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தோம். முன்கூட்டியே அனுப்பிவிட்டவர்களின் உறை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாகத் திரை காட்டினால், அவர்கள் வாக்களித்துவிட்டவர்கள். இரண்டாவது சீட்டு கிடையாது. "அவர்தான் விலகிவிட்டாரே" என்று ஒரு பெண்மணி திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வாக்கு புட்டிஜெஜுக்கே எண்ணப்படும் என்பதைத் தவிர அவரிடம் சொல்ல எங்களிடம் வேறு விடை இருக்கவில்லை.