பத்திரம் இல்லாத வீடு: ஜாக்சன் ஹைட்ஸ் நாட்குறிப்பு

2023 செப்டம்பர் 9, சனி

இன்று பார்த்தது ஒன்பதாவது வீடு. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் சுவர். உள்ளே போய்ப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நீளமாக ஒரு தோட்டம்! சுற்றியிருக்கிற எல்லோரும் கொல்லைப்புறத்தைப் பாகம் பிரிக்காமல் வைத்துக்கொண்டது போல. மனைவி ஜன்னலை விட்டு நகரவில்லை. விலை பேசும்போது முகத்தைக் காட்டாதே என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

நியூயார்க் நகரத்து குவீன்ஸின் இந்தப் பகுதி நூறு வருடங்களுக்கும் மேலாக முன்பு பண்ணை நிலம். எட்வர்ட் மக்டூகல் என்பவரின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் அதை வாங்கிப் போட்டது. 1917-இல் ஏழாம் எண் ரயில் வந்தது. ஓரத்தில் கட்டடம், நடுவில் பசுமை என்று வரிசையாகக் கட்டி, குடியிருப்பவர்களுக்கே பங்காக விற்றார்கள். 1993-இல் நகரம் இதைப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது. 74-ஆம் தெருவில் கறிவேப்பிலை கிடைக்கிறது. எனக்கு அதுவே போதும்.

ஒரு படுக்கையறை, 4,10,000 டாலர் கேட்கிறார்கள். நாங்கள் 3,92,000 சொல்லியிருக்கிறோம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

3,98,000-க்கு ஒத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பத்திரப் பதிவு எப்போடா?"

பத்திரமே கிடையாது என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. கட்டடம் மொத்தமும் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். நாங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியில் 310 பங்கு. பங்குக்காரன் என்பதால் இந்த வீட்டில் இருக்கக் குத்தகை உரிமை. மூன்று முறை சொன்னேன்.

"உங்க தாத்தா பால் சொசைட்டியில் பங்கு வச்சிருந்தாரே, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான் என்றேன்.

"பால் சொசைட்டிக்கா நாலு லட்சம் டாலர்?"

அக்டோபர் 4, புதன்

ஒப்பந்தத்தில் கையெழுத்து. பத்து சதவீதம் விற்பவரின் வக்கீல் கணக்கில் முடங்கிவிட்டது. எங்கள் வக்கீலம்மா அதற்கு முன்பே கட்டடத்து நிர்வாகக் குழுவின் இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகளைப் போய்ப் படித்துவிட்டு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்ததில் தெரியாததெல்லாம் அதில் இருந்ததாம்: கூரை வேலைக்குத் தனி வசூல் வரலாம், நான்காவது மாடியில் யாரோ டிரம்ஸ் வாசித்துச் சண்டை, மேலும் கீழுமாக எங்கள் வரிசை வீடுகளுக்கு வரும் குழாயில் கேஸ் கசிந்து அடைத்து வைத்திருக்கிறார்கள், சோதனை முடிந்து திறக்க மாதக்கணக்காகும். சமையல் அதுவரை மின்சாரத் தட்டு அடுப்பில்தான்.

மனைவியிடம் கேட்டேன், வேண்டாமென்று விடலாமா? "தோட்டத்தை என்ன செய்வது?" என்றாள்.

மாதப் பராமரிப்பு 940 டாலர். கட்டடத்தின் சொத்து வரி, வெந்நீர், குளிர்கால வெப்பம், கம்பெனி பெயரில் உள்ள கடனின் தவணை எல்லாம் இதற்குள் அடக்கம். எங்கள் சொந்தக் கடன் தனி. அதற்கு வட்டி ஏழு சதவீதத்துக்கு மேல்.

அக்டோபர் 22, ஞாயிறு

வாங்குகிறவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நிர்வாகக் குழுதான். அதற்கான விண்ணப்பம் முடிந்தது. 187 பக்கம். வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, ஆபீஸ் கடிதம், இப்போதைய வீட்டுக்காரர் கடிதம், நண்பர்கள் தரும் நற்சான்று. ஒரு நண்பன் எங்களை "மிகவும் அமைதியானவர்கள்" என்று எழுதியிருந்தான். அந்த வாக்கியத்தை மனைவி இரண்டு முறை படித்துச் சிரித்தாள்.

கல்யாணத்துக்குக்கூட யாரும் என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

குழுவுடன் நேர்காணல். நேற்று முன்தினம் தீபாவளி. மிச்சமிருந்த அதிரசத்தைக் கொண்டுபோகலாமா என்றாள் மனைவி. கேட்ட தரகர் பதறிப்போனார். கேட்டதற்கு மட்டும் பதில், எதிர்க்கேள்வி கூடாது என்பதும் அவர் கட்டளை.

அடித்தள அறையில் ஐந்து பேர், எல்லோரும் இங்கே குடியிருப்பவர்கள்தான். இரண்டு பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், ஒரு வங்காளிப் பெரியவர். யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை என்று வைத்திருந்த குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் தொடங்கிய பேட்டை இது. ஆட்கள் மாறிவிட்டார்கள், சலித்தெடுக்கிற பழக்கம் மாறவில்லை. வேண்டாமென்றால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஐந்து பேரும் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள், ஆனாலும் எனக்குக் கை வேர்த்தது.

நாய் உண்டா? இசைக்கருவி? (வீணை பரணில் இருக்கிறது. இல்லை என்றேன்.) தரையில் எண்பது சதவீதம் கம்பளம் விரிக்கச் சம்மதமா? தோட்டத்தில் உட்காரலாம், பந்து விளையாடக் கூடாது, சம்மதமா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். கடைசியில் கட்டளையை மறந்து நான் வாயை விட்டேன்: காற்று புகும் அந்தப் பழைய ஜன்னலை மாற்றலாமா? ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். முதலில் குழுவின் அனுமதி, அப்புறம் நகரத்தின் பாரம்பரியச் சின்ன ஆணையத்தின் அனுமதி. "அதற்குள் கோடை வந்துவிடும்" என்றார் வங்காளிப் பெரியவர்.

திரும்பும்போது 35-ஆம் அவென்யூவும் 81-ஆம் தெருவும் சேரும் மூலையில் நின்றோம். எழுத்துக்கு மதிப்பெண் கொடுத்து வார்த்தை சேர்க்கும் ஸ்கிராபிள் விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரெட் பட்ஸ் இந்தப் பேட்டைக்காரர் என்பதால் அங்கே தெருப்பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் மதிப்பெண் போட்டிருக்கிறது. எங்களுக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்றாள் மனைவி.

நவம்பர் 27, திங்கள்

சம்மதமாம். ஒரே ஒரு வரி மின்னஞ்சல்.

டிசம்பர் 20, புதன்

வீடு கைமாறுவது கார்த்திகைக்குள் முடிந்திருக்க வேண்டியது. வங்கி ஏதோ ஒரு படிவத்துக்காக இரண்டு வாரம் இழுத்து மார்கழியில் கொண்டுவந்து விட்டது. மூன்று மணி நேரம் கையெழுத்து. 310 பங்குக்கான சான்றிதழை ஓரத்தில் பூவேலை செய்த காகிதத்தில் அழகாக அச்சிட்டிருந்தார்கள். கையில் வாங்கிப் பார்ப்பதற்குள் வங்கியின் ஆள் உறையில் போட்டுக்கொண்டார். கடன் தீரும்வரை அது அவர்களிடம்தான். போட்டோ மட்டும் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"மார்கழியில் குடிபோகாதே" என்று மட்டும் பதில் வந்தது. சரி, இன்னும் ஒரு மாதம் பழைய வீட்டு வாடகை.

2024 ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மார்ட்டின் லூதர் கிங் நாள் என்பதால் இங்கேயும் விடுமுறை. கேஸ் இன்னும் வரவில்லை. தட்டு அடுப்பில் பால் வைத்தோம். அம்மா வீடியோவில் காத்திருந்து, நடுவில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டே வந்துவிட்டார். ஒருவழியாகப் பொங்கியது. புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. கைக்கு வந்த துண்டால் விசிறினேன்.

"அந்தத் தோட்டத்தைக் காட்டுடா" என்றார் அம்மா. போனை ஜன்னலோரம் பிடித்தேன். மொட்டை மரங்கள், ஈரமான காலி பெஞ்சு.

"ஒரு இலைகூட இல்லையேடா!"

ஏப்ரலில் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.