ஜட்ஜு யாருன்னு பாத்துட்டு அனுப்புங்கப்பா

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல நம்ம மாப்ள ஒருத்தன், கடலுக்குப் போயிட்டு வந்து ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒரு நாடகம் எழுதி போட்டிக்கு அனுப்பிருக்கான், நடுவர் லிஸ்ட்ட காட்டுனான், மூணு பேருமே ரிட்டயர்டு தமிழ் வாத்தியாருங்க. ஒருத்தர்கூட மேடை ஏறுனவரு இல்ல. வாத்தியார குறை சொல்லல, சந்திப்பிழைய கரெக்டா புடிப்பாங்க, ஆனா எந்த எடத்துல சனம் கொட்டாவி விடும்னு ஆர்மோனியக்காரருக்குத்தானே தெரியும். (விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பாத்த எங்க அப்பத்தாவ உக்கார வச்சாலும் சரிதான்.)

பழைய ஏதென்ஸ்ல டயோனிசியான்னு நாடகப் போட்டி நடக்குற விழாவுல 10 குலத்துக்கும் ஆளுக்கு ஒருத்தர்னு சீட்டு குலுக்கி சாதாரண ஆளுங்களத்தான் நடுவரா எடுத்தாங்க, அதுலயும் எல்லா ஓட்டையும் எண்ணாம 5 ஓட்ட மட்டும் உருவுவாங்க, யாருக்குன்னு லஞ்சம் குடுப்ப?

படிச்சவங்க இருந்தா மட்டும் என்ன, 1963ல அமெரிக்காவோட புலிட்சர் பரிசுக்கு நாடக ஜூரில ஒரு பேராசிரியரும் ஒரு விமர்சகரும் இருந்தாங்க, அவங்க சொன்ன நாடகத்துக்கு போர்டு பரிசு குடுக்கல, ரெண்டு பேரும் ராஜினாமா பண்ணிட்டாங்க.

மாப்ளைக்கு ரிசல்ட் இன்னும் வரல. நேத்து கேட்டா, காத்து ஜாஸ்தி மச்சான், கடலுக்குப் போக டோக்கன் குடுக்கல, அடுத்த நாடகம் ஆரம்பிச்சுட்டேன்ங்கிறான்.